அவங்க பக்கமும் பாக்கணும்ல

எங்கள் டாக்சி ஸ்டாண்டில் சண்டை போடத் தெரியாத ஆள் ஒருவர் இருந்தார். ஸ்டாண்டுக்கு வந்த எல்லாச் சண்டைக்கும் நாங்கள் அவரைத்தான் அனுப்பினோம்.

காரணம் அவருடைய சட்டை. பதினோரு டிரைவர்களில் வெள்ளைச் சட்டையை வெள்ளையாகவே வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். நெய்வேலி மாதிரி கரி தோண்டுகிற ஊரில் அது லேசான காரியமில்லை. மற்ற பத்துப் பேரும் எந்த ஆபீஸ் வாசலுக்குப் போனாலும் செக்யூரிட்டி உட்கார்ந்தபடியே "யாருப்பா?" என்பான். அவர் போனால் எழுந்து நிற்பான். யாரோ ரிடையரான பெரிய அதிகாரி என்று நினைத்துக்கொள்வான். இவரும் பதிலுக்கு, "நீங்க உக்காருங்க, நாள் பூரா நின்னா காலு இன்னாத்துக்கு ஆவும்" என்று அவன் பக்கம் பேசிவிட்டுத்தான் உள்ளே போவார்.

அதுதான் அவரிடம் இருந்த கோளாறு. யாரோடு பேசப் போனாலும் அவர்கள் பக்கம் சேர்ந்துவிடுவார். "அவங்க பக்கமும் பாக்கணும்ல?" என்பது அவர் வாயிலிருந்து நாளைக்கு இருபது தடவையாவது வரும்.

பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் யாராவது அவரிடம் இதைக் காட்டுவார்கள். அவரும் படித்துவிட்டு, "தம்பி எழுதனது கரெக்டுதான், அது பக்கமும் பாக்கணும்ல" என்று எனக்காக வாதாடுவார். அந்த வெட்கத்தை என்னால் தாங்க முடியாது.

நான் அந்த ஸ்டாண்டுக்கு வந்த கதை சின்னதுதான். அப்பா தெற்கேயிருந்து வந்து மைன்ஸில் பெர்மனெண்ட் ஆனவர். குவார்ட்டர்ஸில் வளர்ந்த நான் அப்பரண்டிஸ் தேர்வை மூன்று தடவை எழுதினேன். மூன்று தடவையும் அப்பா எதிர்பார்த்த முடிவே வந்தது. கடைசியில் ஒரு பழைய காரை வாங்கிக் கொடுத்து, "இதையாவது ஓட்டு" என்றார். ஓட்டினேன். ரிவர்ஸ் எடுக்க மட்டும் வரவில்லை. ஆகவே தூங்குமூஞ்சி மரத்தடியில் பத்து வண்டிகள் ஒழுங்காக நிற்க, பதினோராவதாக ரோட்டைப் பார்த்து மூக்கை நீட்டிக்கொண்டு என் வண்டி நிற்கும்.

அவர் பேரம் பேசும் அழகை நான் பார்த்தது சேர்ந்த முதல் வாரத்தில். பிளாக் பதினொன்றில் குடியிருந்த ஒரு ரிடையர்டு ஃபோர்மேன் ஏர்போர்ட்டுக்கு வண்டி கேட்டு வந்தார். ரேட்டைச் சொன்னதும் அநியாயம் என்றார். நாங்களாயிருந்தால் டீசல், டோல்கேட், டயர் என்று ஒப்பாரி வைத்திருப்போம். இவர் அப்படியே உருகிப்போய், "அதிகந்தாங்க சார். பென்ஷன்ல இருக்கறீங்க. வெளிநாட்ல இருக்கற புள்ள பாத்து அனுப்பனாதான் உண்டு. அவரு கைய எதிர்பாத்துகினு இருக்கற நேரத்துல நாங்க இப்பிடி கேட்டா நீங்க என்னா பண்ணுவீங்க?" என்றார்.

ஃபோர்மேனுக்கு முகம் சிவந்துவிட்டது. "யாருய்யா புள்ள கைய எதிர்பாக்கறது?" என்றவர் கேட்ட ரேட்டுக்கே ஏறினார். வழியில் இவருக்கு டிபனும் வாங்கிக் கொடுத்தார் என்று கேள்வி. தந்திரமாகப் பேசியிருக்கிறார் என்று நான் வியந்தேன். ஆனால் அடுத்த இரண்டு நாள் அவர் எங்களிடமும் அந்த ஃபோர்மேனை நினைத்து வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார். அவர் எதைச் செய்தாலும் இப்படித்தான். தந்திரமா, நல்ல மனசா என்று கடைசிவரை பிடிபடாது.

கம்மாபுரம் பக்கம் அவருடைய அப்பாவின் நிலம் மைன்ஸுக்குப் போயிருந்தது. ஒருநாள் அதைக் கேள்விப்பட்டு அவருக்காக நான் கொதித்தேன். நியாயம், போராட்டம், வரலாறு என்று வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "எங்க நெலம் போயிதான் தம்பி கரண்டு வந்துது. அந்தக் கரண்டுல நீயும்தான ஃபேன் போட்டுகினு படுத்த?" என்றார். குத்திக்காட்டவில்லை. என் பக்கத்தையும் பார்த்தார், அவ்வளவுதான். குவார்ட்டர்ஸ் ஃபேனுக்குக் கீழே கொழுத்து வளர்ந்த நான் அதோடு வரலாற்றை மூடிவைத்தேன்.

அவருடைய இன்னொரு அடையாளம் பலாப்பழம். காடாம்புலியூரில் மாமியார் வீட்டில் ஏழெட்டு மரம். சீசனில் அவர் டிக்கியில் பழம் இல்லாத நாள் இருக்காது. அவருக்குச் சுகர், ஒரு சுளை தொடமாட்டார். ஊருக்கெல்லாம் வெட்டிக் கொடுப்பார். அதற்கென்று ஒரு வளைந்த கத்தியும் ஒரு சின்னத் தேங்காய் எண்ணெய் பாட்டிலும் வைத்திருந்தார். இரண்டையும் சைக்கிள் டியூபில் வெட்டிய கறுப்பு வளையம் ஒன்றால் இரண்டு சுற்றுச் சுற்றிச் சேர்த்தே கட்டியிருப்பார். பழத்தைத் தொடுவதற்கு முன்னால் எல்லார் உள்ளங்கையிலும் எண்ணெய் ஊற்றுவார். பிறகு ஒவ்வொரு சுளையாகப் பிசின் இல்லாமல் எடுத்து நீட்டுவார். "பழத்து மேல தப்பில்ல, நாமதான் எண்ணெ வெச்சிக்கணும்" என்பார். பலாவின் பக்கமும் அவர் பார்த்தாகிவிட்டது.

இனி ஏர்போர்ட். எந்த ஊர் ஏர்போர்ட் என்று எழுதினால் எழுதியதற்கும் பார்க்கிங் சார்ஜ் போடுவார்கள். நெய்வேலியிலிருந்து நாலு மணி நேரம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அங்கே பயணியை ஏற்றுகிற பாதைக்குள் நுழைந்தால் பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிட வேண்டும். பதினோராவது நிமிடம் அபராதம். காத்திருப்பதற்கு வெளியூர் டாக்சிகளுக்குத் தனி மைதானம் உண்டு. டெர்மினலிலிருந்து இருபது நிமிட நடை. மரம் இல்லை, நிழல் இல்லை, பெஞ்ச் இல்லை, முக்கியமாகக் கக்கூஸ் இல்லை. கட்டணம் மட்டும் மணிக்கணக்கில் உண்டு.

என் முதல் சவாரியில் ஒரு அம்மா போன் செய்து, வெளியே வந்துவிட்டேன் என்றார். விமானத்தைவிட்டு வெளியே வந்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியாது. உள்ளே போவதும், பத்து நிமிடப் பயத்தில் வெளியே ஓடுவதுமாக மூன்று சுற்றுச் சுற்றினேன். நாலாவது சுற்றில் அந்த அம்மாவைத் தாண்டிப் போய்விட்டேன். டிராலியைத் தள்ளிக்கொண்டு அவர் ஓடிவருவது கண்ணாடியில் தெரிந்தது. ரிவர்ஸ்தான் வராதே. கையை ஆட்டிவிட்டு ஐந்தாவது சுற்றுக்குப் போனேன்.

இதெல்லாம் சிரிப்புக்கு. அவருக்கு அது சிரிப்பாக இல்லை. சுகர்காரர் என்பதால் அடிக்கடி ஒதுங்க வேண்டும். ஒதுங்க இடமில்லை. அதனால் திண்டிவனம் தாண்டினால் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார். ஒரு மே மாதப் பகலில் அந்த மைதானத்தில் காரின் கதவைப் பிடித்தபடியே சரிந்து உட்கார்ந்துவிட்டார். பக்கத்து வண்டிக்காரர்கள் தூக்கிக்கொண்டு போய் டிரிப்ஸ் ஏற்றினார்கள். இப்படித் தண்ணீரில்லாமல் ஓட்டினால் கிட்னி போய்விடும் என்றார் டாக்டர்.

மறுநாள் அவர் மனைவி ஸ்டாண்டுக்கு வந்தார். டவுன்ஷிப்பில் கான்ட்ராக்டில் துப்புரவு வேலை பார்க்கிறவர். நீல ஓவர்கோட்டைக்கூடக் கழற்றவில்லை. "அங்க ஒரு கக்கூசு வந்தாத்தான் இவுரு ஏர்போர்ட்டுக்கு வருவாரு. இல்லன்னா வண்டிய வித்துப்புட்டு வூட்ல கெடக்கட்டும். ஞாயித்துக்கெழம பண்ருட்டியிலேர்ந்து ஆளு வருது வண்டிய பாக்கறதுக்கு" என்றார். இவர் பக்கத்தில் நின்று தலையாட்டினார். "அவ சொல்றதும் ஞாயந்தானே" என்றார்.

ஏர்போர்ட் சவாரி இல்லாமல் எங்கள் ஸ்டாண்டில் யாரும் வண்டி வைத்துப் பிழைக்க முடியாது. ஆகவே பார்க்கிங்கைக் கான்ட்ராக்ட் எடுத்திருந்த ஆட்களின் மேனேஜரிடம் வியாழக்கிழமை நேரம் வாங்கினோம். பேச அவர், மனு எழுத நான். பதினோரு கோரிக்கைகள், சிவப்பு மையில் அடிக்கோடு. முதல் கோரிக்கை கக்கூஸ். எட்டாவது, ரிவர்ஸ் எடுக்கத் தேவையில்லாத வடிவில் வாகன நிறுத்தம். அதைப் படித்த மற்ற டிரைவர்கள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டியதில்லை.

போகிற வழியெல்லாம் அவருக்குப் பாடம் நடத்தினேன். அண்ணே, இன்றைக்கு ஒருநாள் மட்டும் நம் பக்கம் பாருங்கள் என்று கெஞ்சினேன். சரி சரி என்றார். மைதானத்தில் வண்டியை நிறுத்திவிட்டு மஞ்சள் பையில் ஒரு பலாப்பழத்தோடு இறங்கினார். இருபது நிமிடம் வெயிலில் நடந்தோம். அவர் மணிக்கட்டில் அந்தக் கறுப்பு டியூப் வளையம் கிடந்தது. ஏதோ கோயில் கயிறு என்று நினைத்தேன். கவனிக்கிற திறமை இருந்தால் நான் அப்பரண்டிஸ் ஆகியிருக்க மாட்டேனா?

மேனேஜருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். ஏசி அறை, க்ரீம் கலர் பேண்ட். பன்னிரண்டு மணிக்கு மேலதிகாரிகளோடு மீட்டிங் இருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

"பாருங்க பெரியவரே, அங்க இடம் இல்ல. தண்ணி கனெக்‌ஷன் இல்ல. வெச்சாலும் கழுவ ஆள் இல்ல. நீங்க வந்து போறவங்கதானே? ஒரு மணி நேரம் அடக்கிக்க முடியாதா?"

"நெசந்தாங்க சார்" என்றார் எங்கள் பிரதிநிதி. "அப்பிடியே வெச்சாலும் பைப்ப கழட்டிகினு போயிடுவாங்க."

மேனேஜருக்கு இந்தக் காரணம் தோன்றியிருக்கவில்லை. குறித்துக்கொண்டார். நான் மேஜைக்கு அடியில் எங்கள் பிரதிநிதியின் காலை உதைத்தேன். உதை மேனேஜர் மேல் பட்டது. "உட்காருங்க தம்பி" என்றார் மேனேஜர். உட்கார்ந்துதான் இருந்தேன்.

பேச்சு முடிந்தது என்கிற மாதிரி மேனேஜர் வாட்சைப் பார்த்தார். இவர் பையிலிருந்து பழத்தை எடுத்தார். வெறுங்கையோடு வரக்கூடாது என்று கொண்டுவந்தேன் என்றார். மேஜைமேல் விரிக்கக் காகிதம் வேண்டி என்னிடம் கையை நீட்டினார். நான் தேடி எடுப்பதற்கு முன்னால் அவரே என் கையிலிருந்த மனுவை உருவி விரித்துப் பழத்தை வைத்துக் கத்தியால் பிளந்தார். பதினோரு கோரிக்கைகளும் பிசினுக்கு அடியில் போயின. வாசனைக்குப் பக்கத்து அறையிலிருந்து இரண்டு பேர் காரணமில்லாமல் எட்டிப் பார்த்தார்கள்.

வழக்கமாகச் சுளையைப் பிரித்து நீட்டுகிறவர் அன்று பெரிய துண்டாக நறுக்கித் தள்ளிவிட்டு, "நீங்களே பிச்சி எடுத்துக்கங்க சார், அதுலதான் ருசி" என்றார். மேனேஜர் முதலில் ஒன்று என்றார். பிறகு பேச்சே இல்லை. பத்துப் பன்னிரண்டு சுளையாவது போயிருக்கும். நானும் துக்கத்தில் எட்டுச் சுளை தின்றேன்.

பிறகு மேனேஜரின் போன் அடித்தது. எடுக்க முடியவில்லை. விரலோடு விரல் ஒட்டியிருந்தது, போன் அவர் கட்டை விரலை அடையாளம் தெரியாது என்றது. பாத்ரூமுக்குப் போய் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தார். பிசின் வெள்ளை நூல் நூலாக இழுத்துக்கொண்டு இன்னும் மோசமானது. அவசரத்தில் போன காரியத்தில் பாதியைத்தான் முடித்திருக்கிறார் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

தேங்காய் எண்ணெய் தடவினால் ஒரு நிமிடத்தில் போய்விடும் என்றார் இவர். ஆள் அனுப்பினார்கள். ஏர்போர்ட் கடைகளில் பிரான்ஸ் தேசத்து சென்ட் எல்லாம் இருந்தது. தேங்காய் எண்ணெய் இல்லை.

"என் வண்டியில இருக்குதுங்க சார்."

"வண்டி எங்க?"

"நீங்க ஒதுக்கிக் குடுத்த எடத்துலதாங்க."

இங்கே கொண்டுவர முடியாதா என்று கேட்டார் மேனேஜர். கொண்டுவரலாம், உங்களைத் தேடிப் பிடிப்பதற்குள் பத்து நிமிடம் தாண்டினால் அபராதம் ஆகிவிடும், ரூல் ரூல்தானே என்றார் இவர். மேனேஜர் தன் புதுக் காரின் ஸ்டியரிங்கை நினைத்துப் பார்த்தார், கையைப் பார்த்தார், மணியைப் பார்த்தார். போய் வர நாற்பது நிமிடம் காத்திருப்பதைவிடக் கூடவே நடந்துவிடலாம் என்று முடிவு செய்தார். வெயிலில் போகிறோம் என்று இவர் ஒரு பாட்டில் தண்ணீரை அவர் வாயில் ஊற்றி முழுக்கக் குடிக்கவைத்தார். இவர் ஒரு மடக்குக்கூடக் குடிக்கவில்லை.

பாதி வழியில் மேனேஜரின் நடை மாறியது. முதலில் வேகமாகப் போனார், பிறகு மெதுவாகப் போனார், பிறகு நின்றார். இங்கே பக்கத்தில் எங்கேயாவது, என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"இல்லிங்க சார்" என்றார் இவர். "எடம் இல்ல. தண்ணி கனெக்சன் இல்ல. வெச்சாலும் கழுவ ஆளு இல்ல." பிறகு மிகவும் பரிவாக, "ஒரு மணி நேரம் அடக்கிக்க முடியாதுங்களா சார்?"

நக்கல் எனக்கு நன்றாகத் தெரியும், என் தொழிலே அது. சத்தியமாக அதில் நக்கல் இல்லை. மேனேஜரின் பக்கத்தை மேனேஜருக்கே எடுத்துச் சொன்னார்.

எப்படியோ மைதானத்துக்கு வந்து சேர்ந்தோம். அதன் ஓரத்தில் ஒரு சுவர் உண்டு. இங்கே அசுத்தம் செய்தால் அபராதம் என்று அதில் பெரிய எழுத்தில் எழுதி, கீழே மேனேஜரின் ஆபீஸ் முத்திரையும் போட்டிருப்பார்கள். மேனேஜர் அதற்கு முன்னால் போய் நின்றார். நின்றவர் தன் கையைப் பார்த்தார். க்ரீம் கலர் பேண்ட். பிசின் பட்டால் போகாது. ஜிப்பைத் தொட முடியாது. நான் ஸ்டாண்டின் இளைஞன் என்ற முறையில் உதவியாக ஒரு அடி முன்னால் வைத்தேன். அவர் திரும்பிப் பார்த்த பார்வையில் நாலு அடி பின்னால் வந்தேன். நான் வாழ்க்கையில் ஒழுங்காக எடுத்த ஒரே ரிவர்ஸ் அதுதான்.

மூன்று பேரும் வண்டிக்கு ஓடினோம். டேஷ்போர்டைத் திறந்து எண்ணெய் பாட்டிலை எடுத்து, இவர் மேனேஜரின் உள்ளங்கையில் ஊற்றி, விரல் விரலாக உருவித் துடைத்துவிட்டார். நிதானமாகத்தான் செய்தார். மேனேஜர் ஒரு காலில் நின்றுகொண்டிருந்தார். பிறகு சுவரை நோக்கிப் போனார். அங்கே இருந்த முப்பது நாற்பது டிரைவர்களும் சொல்லிவைத்த மாதிரி மறுபக்கம் திரும்பி நின்றார்கள். அவரவருக்குத் தினமும் நடப்பதுதானே.

திரும்பி வந்த மேனேஜர் அந்த மைதானத்தை முதல் தடவையாகச் சுற்றிப் பார்த்தார். ஒரு நாளைக்கு எத்தனை பேர் இங்கே நிற்பீர்கள் என்று மெல்லக் கேட்டார். இவர் உடனே, அதெல்லாம் பரவாயில்லை சார், உங்களுக்கும் மேலே ஆள் இருக்கிறார்கள் இல்லையா என்று ஆரம்பித்தார்.

"பெரியவரே" என்றார் மேனேஜர். "கொஞ்ச நேரம் எனக்காகப் பேசாம இருக்கீங்களா?"

சனிக்கிழமை மத்தியானம் ஸ்டாண்டுக்கு ஒரு போட்டோ வந்தது. சுவருக்குப் பக்கத்தில் நீலக் கலரில் இரண்டு பிளாஸ்டிக் கூண்டு, மேலே தண்ணீர் டேங்க். மற்றப் பத்துக் கோரிக்கைகளில் ஒன்றுகூட நடக்கவில்லை. பத்து நிமிடம் இன்றும் பத்து நிமிடம்தான். மனு அந்த மேஜையில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தாலும் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பண்ருட்டியிலிருந்து வண்டி பார்க்க ஆள் வந்தான். வண்டி விற்பனைக்கு இல்லை என்று இவர் சொன்னார். அவன் முகம் தொங்கியதைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. இவ்வளவு தூரம் வீணாக வந்திருக்கிறானே, அவன் பக்கமும் பார்க்க வேண்டுமே என்று அதே வண்டியில் ஏற்றிப் பண்ருட்டியில் காசு வாங்காமல் இறக்கிவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சவாரியிலும் கிளம்புவதற்கு முன்னால் அந்தக் கூண்டை ஒரு பக்கெட் தண்ணீரும் பிரஷும் கொண்டு கழுவிவைப்பார். வெள்ளைச் சட்டையைக் கழற்றிக் கார் கண்ணாடியில் மாட்டிவிட்டு. அதற்கென்று பெண் ஆட்களைப் போட்டிருக்கிறார்களே அண்ணே என்றால், "எங்க வூட்லயும் அதே வேலைதான செய்றா. அந்தப் பொம்பளைங்க பக்கமும் பாக்கணும்ல" என்பார். ஒருநாள் நானும் பிரஷைப் பிடித்தேன். அன்று தண்ணீர் டேங்க் ஏன் காலியானது என்பது வேறு விஷயம்.

அந்த வியாழக்கிழமை திரும்பி வரும்போது விக்கிரவாண்டி தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். அவர் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார். அப்போதுதான் அவர் மணிக்கட்டு மறுபடி கண்ணில் பட்டது. கத்தியும் பாட்டிலும் பிரிந்து நான் பார்த்ததே இல்லை. அன்று கத்தி பைக்குள் வந்தது, பாட்டில் டேஷ்போர்டில் இருந்தது, இரண்டையும் கட்டுகிற வளையம் இவர் கையில் கிடந்தது.

"அண்ணே, எண்ணெ பாட்டில வேணும்னேதான் வண்டியில விட்டுட்டு வந்தீங்களா?"

அவர் டீயை ஆற்றினார்.

"வேணும்னேதான் வுட்டன்னு வெச்சிக்க தம்பி, அந்த மேனேஜர் தம்பிய நான் ஏமாத்தனாப்புல ஆயிடும். பாவம், நல்ல புள்ள. மறந்துட்டன்னு வெச்சிக்க, உங்களுக்கெல்லாம் நான் ஒண்ணுமே பண்ணலன்னு ஆயிடும். ரெண்டு பக்கமும் பாக்கணும்ல?"

சொல்லிவிட்டு வண்டிக்குப் போனார். கையிலிருந்த வளையத்தைக் கழற்றினார். கத்தியையும் பாட்டிலையும் சேர்த்து வைத்து இரண்டு சுற்றுச் சுற்றி, டேஷ்போர்டுக்குள் போட்டு மூடினார்.